கருஞ்செவிப் பூனை

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியனாக இருந்தவனுக்கு ஓய்வுக் காலத்தில் இரு வகை நினைவுகள் வரும். தான் நன்றாக நடத்திய பாடங்கள் ஒரு வகை. தவறாகச் சொல்லிவிட்ட விடைகள் மற்றொரு வகை. முதல் வகையைப் பிறரிடம் சொல்லி மகிழ்கிறோம். இரண்டாம் வகையை எவரிடமும் சொல்வதில்லை. அவ்வாறு நெடுநாள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்று உங்கள்முன் சொல்லப் போகிறேன்.

நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திவந்த காலம் அது. வகுப்பறைச் சுவரில் பூனைக் குடும்பத்து விலங்குகளின் படம் ஒன்று தொங்கும். மேலே சிங்கமும் புலியும். நடுவில் சிறுத்தையும் சிவிங்கிப்புலியும். கீழே ஒரு மூலையில் செம்மண் நிறத்தில் ஒரு சிறு விலங்கு. அதன் செவிகள் நீண்டு கூர்மையாக நிமிர்ந்திருக்கும். செவிகளின் புறத்தே கருமை; நுனியிலே கறுப்புக் குஞ்சம். அதன் பெயர் அச்சிட்டிருந்த இடத்தைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காதிலே மயிர் முளைத்திருக்கிறதே, அந்தப் பூனைக்கு என்ன பெயர்? அது நம் நாட்டில் உண்டா?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். ஆயின் நாற்பது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அது லின்க்ஸ். பனி பெய்யும் குளிர்நாட்டு விலங்கு. நம் நாட்டில் இல்லை" என்றேன். அவன் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

அந்த ஒரு விடையில் எத்தனை பிழைகள்! அவ்விலங்கு லின்க்ஸ் அன்று. அது வாழ்வது குளிர்நாட்டிலும் அன்று. வெயில் காயும் வறண்ட நிலத்தில். அது நம் நாட்டிலும் உண்டு. போதாக்குறைக்கு, லின்க்ஸும் நம் நாட்டில், லடாக்கில், வாழ்கிறது. இவையெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். ஜெய்ப்பூரில் இருக்கும் என் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, புலி பார்க்கலாம் என்று ரணதம்பூர்க் காட்டுக்குப் போனோம். புலி எங்களுக்குக் காட்சி தரவில்லை. வழிகாட்டியாக வந்த பெரியவர் எங்கள் முகவாட்டத்தைக் கண்டு, தம் பையிலிருந்து ஒரு நிழற்படத்தை எடுத்துக் காட்டினார். இரவில், ஆள் இல்லாமல் தானே படம் பிடிக்கும் கருவி எடுத்த படம் அது. "புலியைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். இதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்" என்றார். அதே செம்மண் நிறம், அதே கருஞ்செவி, அதே குஞ்சம். என் வகுப்பறைச் சுவரின் மூலையில் இருந்த விலங்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சியாகோஷ்" என்று பெயரும் சொன்னார்.

சியாகோஷ் என்பது பாரசீகச் சொல். கருஞ்செவி என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இதனைக் கேரகல் என்பர். அதுவும் கரகுலக் என்னும் துருக்கிச் சொல்லின் திரிபேயாகும். அதற்கும் கருஞ்செவி என்றே பொருள். இவ்வாறு கண்டவர் எல்லாரும் முதலில் கண்டது அதன் செவியையே. ஆகவே நாமும் இதனைக் கருஞ்செவிப் பூனை என்றே அழைப்போம்.

இதன் உருவத்தைச் சற்றுச் சொல்கிறேன். தோள்வரை உயரம் ஒரு முழத்துக்குச் சற்றே முன்பின் இருக்கும். எடை எட்டுக் கிலோ முதல் பதினெட்டுக் கிலோ வரை. பின்கால்கள் முன்கால்களினும் நீண்டு வலுத்தவை. அந்தக் கால்களின் வலிமையால் நின்ற நிலையிலிருந்தே ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம் எழும்பி, பறந்துபோகும் பறவையை அந்தரத்திலேயே அடித்து வீழ்த்திவிடும். நீர் அருகிய நிலத்தில் வாழ்வதால், தான் தின்னும் இரையின் உடலில் உள்ள நீரைக்கொண்டே நெடுநாள் தாக்குப்பிடிக்கும். செவிக் குஞ்சத்தைக் கண்டு இதனை லின்க்ஸின் இனம் என்று எண்ணியவன் நான் ஒருவன் மட்டும் அல்லன்; பாலைவன லின்க்ஸ் என்றே இதனை அழைத்தவர்கள் உண்டு. ஆனால் இதன் நெருங்கிய உறவினர் ஆப்பிரிக்காவில் வாழும் செர்வல் பூனையும் பொன்னிறப் பூனையுமே என்று விலங்கியலார் தெளிந்துள்ளனர். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, அரபு நாடுகள், ஈரான், நடு ஆசியா, இந்தியா ஆகியவை இதன் தாயகம். கிழக்கே இதன் எல்லை நம் நாடு.

இனி, இதற்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். அந்த உறவு ஒரே தன்மையாய் இருந்ததில்லை. ஓரிடத்தில் அரசர்கள் இதனை ஊட்டி வளர்த்தார்கள். ஓரிடத்தில் ஆட்டு மந்தைக்காரர்கள் இதனைத் தேடித் தேடிக் கொன்றார்கள். ஓரிடத்தில் மக்கள் இதனை அடியோடு மறந்துபோனார்கள். மறந்துபோன இடம் நம் நாடு.

முதலில் அரண்மனைக் கதை. சிவிங்கிப்புலியைப் பழக்கி மான் வேட்டையாடிய மன்னர்களைப் பற்றி நாம் வரலாற்றில் படித்திருக்கிறோம். கருஞ்செவிப் பூனையையும் அவ்வாறே பழக்கினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1351 முதல் 1388 வரை தில்லியை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், இவற்றுக்கென்றே தனிக் கொட்டடிகள் அமைத்துப் பெருந்தொகையாக வளர்த்தார். அதற்கு இரண்டு நூற்றாண்டுகள் கழித்து ஆண்ட அக்பருக்கும் இதன்மேல் தனி விருப்பம் இருந்தது. அவருடைய அமைச்சர் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி என்னும் நூலில் இதற்கென ஒரு சிறு பகுதியே உள்ளது. முன்னாளில் முயலையும் நரியையும் மட்டும் பிடித்துவந்த இவ்விலங்கு, அக்பர் காலத்தில் வெளிமானையே வீழ்த்தும்படி பழக்கப்பட்டதாக அதில் குறித்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு ஒரு சேர் இறைச்சி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு காவலாள். அவனுக்கு மாதச் சம்பளம் நூறு தாம் செப்புக்காசு. கணக்கு அவ்வளவு துல்லியமாக உள்ளது.

வெளிமானைப் பிடித்தது உண்மைதானா என்று ஐயுற வேண்டுவதில்லை. குஜராத்தில் உள்ள கச்சுப் பகுதி மக்கள் தங்கள் மொழியில் இதனை ஹொர்னோத்ரோ என்பர். வெளிமானைக் கொல்வது என்பது அதன் பொருள். அரண்மனைப் புத்தகம் எழுதியதையே ஆயன் வைத்த பெயரும் சொல்கிறது.

வேட்டை போக, வேறொரு விளையாட்டும் இருந்தது. திடலில் புறாக் கூட்டத்துக்குத் தீனி இறைத்து, அவை மெய்ம்மறந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போது இப்பூனையை அவிழ்த்துவிடுவார்கள். புறாக்கள் எழும்பிப் பறப்பதற்குள் இது எத்தனையை அடிக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். ஒரே பாய்ச்சலில் வலமும் இடமும் அறைந்து பல புறாக்களை வீழ்த்திவிடுமாம். அவ்வாற்றலை வியக்கிறேன், பந்தயம் கட்டியவர்களை வியப்பதற்கில்லை.

இதனைப் பரிசாகவும் கொடுத்தார்கள். பிளாசிப் போர் 1757இல் நடந்தது என்பது நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் செய்தி. அப்போரினால் வங்காள நவாபான மீர் ஜாபர், இராபர்ட் கிளைவுக்கு ஒரு கருஞ்செவிப் பூனையை அளித்தார். கிளைவு அதனைக் கப்பலேற்றி அமைச்சர் வில்லியம் பிட்டுக்கு அனுப்பினார். பிட்டு அதனைத் தம் அரசருக்குக் காணிக்கையாக்கினார். 1759ஆம் ஆண்டில் அது இலண்டன் கோட்டையில் விலங்குகளை அடைத்து வைக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாடு கைமாறிய கதையின் ஓரத்தில் ஒரு பூனையும் கைமாறியிருக்கிறது. போர் நடந்த ஆண்டை நான் எத்தனையோ முறை வகுப்பில் கேட்டிருக்கிறேன். பூனையைப் பற்றி ஒருமுறையேனும் சொன்னதில்லை.

இனித் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம். இவ்விலங்குக்கு 1776இல் அறிவியல் முறைப்படி பெயரிட்டவர் செருமானிய அறிஞர் சிரேபர். அவர் விவரித்த விலங்கு தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தது. அங்குக் குடியேறிய மக்கள் இதனை ரூய்காட், அதாவது செம்பூனை, என்று அழைத்தார்கள். அந்நாட்டில் கரூ என்றொரு பரந்த வறள்நிலம் உள்ளது. அங்குச் செம்மறி வளர்ப்பதே தொழில். மான்களையும் சிறு விலங்குகளையும் தின்று வாழ்ந்த செம்பூனை, அவை குறைந்த இடங்களில் ஆட்டுக்குட்டிகளின்மேல் கை வைத்தது. விளைவைச் சொல்ல வேண்டுமோ? 1931 முதல் 1952 வரை கரூப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரி 2,219 செம்பூனைகளைக் கொன்றிருக்கிறார்கள். அண்டை நாடான நமீபியாவில், 1981ஆம் ஆண்டில் மட்டும் 2,800 வரை கொன்றதாக அந்நாட்டு விவசாயிகள் அரசினரின் வினாவுக்கு விடை எழுதியுள்ளனர்.

இந்த விவசாயிகளைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் நேயர்களே, காலையில் பட்டியைத் திறந்தவன், இரவில் அடிபட்டுக் கிடக்கும் தன் குட்டிகளைக் கண்டால் அவன் மனம் என்ன பாடுபடும்? கடனை அடைக்க வைத்திருந்த குட்டியாக அது இருக்கலாம். நம் ஊரில் கோழிக்கூண்டில் கீரி நுழைந்தாலே என்ன ஆரவாரம் எழுகிறது! அவனுடைய சினத்தை நாம் உணர்ந்துகொள்ள வேண்டும். ஆயினும் அவன் செய்த பரிகாரம் பயன் தந்ததா என்று கேட்பதில் தவறில்லை.

அத்தனை ஆண்டுகள் கொன்றும் அங்குச் செம்பூனை அழியவில்லை. ஆட்டுச் சேதமும் நிற்கவில்லை. ஒன்றைக் கொன்றால் அதன் எல்லை காலியாகிறது. காலியான எல்லைக்கு வேறொன்று வந்து சேர்கிறது. மேலும், பொறியும் நஞ்சும் ஆடு தின்ற பூனை எது, தின்னாத பூனை எது என்று பார்ப்பதில்லை. செம்பூனையின் விருப்பமான இரை, பாறைகளில் வாழும் டாசி என்னும் முயலளவான விலங்கு. டாசி புல் தின்பது. ஆட்டுக்குரிய மேய்ச்சலை அது தின்கிறது; அதைப் பூனை தின்கிறது. ஆக, பூனை ஒரு கையால் எடுத்ததை மறு கையால் ஓரளவு திருப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தது. இதை உணர்ந்தவர்கள் வேறு வழிகளை நாடினார்கள். மந்தையோடு மந்தையாகக் குட்டியிலிருந்தே வளர்க்கப்படும் அனத்தோலிய மேய்ப்பு நாய்கள் இன்று நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பல பண்ணைகளில் காவல் காக்கின்றன. அந்த நாய் வேட்டையாடுவதில்லை. மந்தையின் நடுவே நின்று குரைக்கிறது. பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

அதே நாட்டில் கேப் டவுன் என்னும் மாநகரம் உள்ளது. அதன் நடுவே மேசை மலை நிற்கிறது. அம்மலைச் சாரலில், வீடுகளுக்கும் சாலைகளுக்கும் இடையே, இன்றும் செம்பூனைகள் வாழ்கின்றன. 2014ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர்கள் அவற்றுக்குக் கழுத்துப்பட்டை அணிவித்து வாழ்க்கையை ஆராய்ந்து வருகின்றனர். அவற்றைப் பெரிதும் கொல்பவை மோட்டார் வண்டிகள் என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஆய்ந்து பார்த்த பூனைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றின் உடலில் எலிப் பாஷாணம் கலந்திருந்தது. பூனைக்கு எவரும் நஞ்சு வைக்கவில்லை, எலிக்கு வைத்தார்கள். எலி தின்றது, எலியைப் பூனை தின்றது. வீட்டின் பின்புறத்தில் நாம் வைக்கும் சிறு உருண்டை எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது, பாருங்கள்!

அந்நகரத்தில் மற்றொரு சிக்கலும் எழுந்தது. 2016ஆம் ஆண்டில், சைமன்ஸ் டவுன் கடற்கரையில் வாழும் ஆப்பிரிக்கப் பெங்குவின் பறவைகளைச் செம்பூனை கொல்லத் தொடங்கியது. அந்தப் பெங்குவினோ, தானே அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். பூனையைக் காப்பதா, பறவையைக் காப்பதா? இத்தகைய வினாவுக்கு விடைத்தாளில் இரண்டு மதிப்பெண் விடை எழுதிவிட முடியாது. கடலோரத்தையும் மலைச்சாரலையும் மனிதன் நெருக்கிச் சுருக்கிய பிறகு, எஞ்சிய உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. காப்பாற்றும் பொறுப்பும் தேர்ந்தெடுக்கும் வேதனையும் அவனிடமே வந்து சேர்கின்றன.

ஆயினும் ஆப்பிரிக்காவில் செம்பூனைக்குப் பகைவர்கள் இருப்பதுபோலவே, அதனை அறிந்தவர்களும் இருக்கிறார்கள். உலகளவில் இதன் இனம் உடனடி ஆபத்தில் இல்லை என்பதற்கு அக்கண்டமே காரணம். நம் நாட்டின் நிலையைக் கேளுங்கள். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பழைய வேட்டைக் குறிப்புகளையும் பிறவற்றையும் தொகுத்துப் பார்த்தது. ஒருகாலத்தில் இன்றைய பதின்மூன்று மாநிலங்களின் நிலப்பரப்பில் இவ்விலங்கைக் கண்டிருக்கிறார்கள். 2001க்குப் பிறகு கண்டது மூன்று மாநிலங்களில் மட்டுமே: இராசத்தான், குஜராத், மத்தியப் பிரதேசம். அவற்றிலும் நிலைத்து வாழக்கூடிய கூட்டங்கள் என்று கருதத்தக்கவை இரண்டே: ஒன்று ரணதம்பூரை ஒட்டியது; மற்றொன்று கச்சில் உள்ளது. நாடு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ ஐம்பதுதான் எஞ்சியிருக்கும் என்று மதிப்பிடுவோர் உளர். ஐம்பது என்றால், ஒரு வகுப்பறைப் பிள்ளைகள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பு உண்டு. 2021இல், மீட்டெடுக்கவேண்டிய அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் மைய அரசு இதனையும் சேர்த்தது. இவை நல்ல செய்திகள். ஆனால் இதன் வீடு எது என்று பாருங்கள். முட்புதர், வறண்ட புல்வெளி, ஆற்றோரத்து மண்ணரிப்புப் பள்ளங்கள், கற்குன்றுகள். காடு என்றால் வானளாவிய மரங்கள் என்று எண்ணும் நாம், இத்தகைய நிலத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? தரிசு. நம் நாட்டுத் தரிசு நிலங்களைக் காட்டும் அரசினர் நிலப்படத் தொகுப்பிலும் புதர் நிலம் தரிசின் ஒரு வகையாகவே இடம் பெற்றிருக்கிறது. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுக்கலாம், ஆலைக்குக் கொடுக்கலாம், உழுது பயிரிடலாம். அங்குக் குடியிருப்பவர் எவரும் இல்லை என்று ஏட்டில் முன்பே எழுதியாகிவிட்டதே!

இதிலும் எனக்குப் பங்கு உண்டு. புவியியல் பாடத்தில், தரிசு நிலம் என்பது ஒன்றுக்கும் பயன்படாத நிலம் என்று ஆண்டுதோறும் நான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் அதை எழுதினார்கள்; சரி என்று சிவப்பு மையால் குறியிட்டேன். அந்தப் பிள்ளைகளுள் சிலர் இன்று வருவாய்த் துறையில் அலுவலர்கள்.

உழவு வேண்டாம், ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வறள்நிலத்து மக்களும் பிழைக்க வேண்டும். ஆனால் ஒரு நிலத்தைக் கொடுப்பதற்கு முன், அங்கு எது வாழ்கிறது என்று கேட்டறிவது இயலாத காரியமா? முயலும் கௌதாரியும் பாலைவன எலியும் வெளிமானும் வாழும் இடம் வெற்றிடம் ஆகுமா? அந்த நிலத்து ஆயர்களுக்கு ஓர் ஆடு இறந்தால் காலந்தாழ்த்தாமல் ஈடு கொடுப்பதும், முள்வேலியிட்ட நல்ல பட்டி அமைக்க உதவுவதும் பெருஞ்செலவா?

இதற்கு முன்னோடியாக நம்மிடம் ஒரு துயரக் கதை உண்டு. கருஞ்செவிப் பூனையோடு அரண்மனைக் கொட்டடியில் வாழ்ந்த சிவிங்கிப்புலி, இந்தியாவில் அற்றுப்போயிற்று என்று 1952இல் அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022இல், நமீபியாவிலிருந்து வானூர்தியில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோக் காட்டில் விட்டோம். எவ்வளவு பொருள், எவ்வளவு உழைப்பு! சிவிங்கிப்புலி போனதை நாடு அறிந்தது. ஆதலால் ஒருநாள் அதனை மீட்கவும் எண்ணியது. கருஞ்செவிப் பூனை போனால், போயிற்று என்று சொல்வதற்கேனும் ஆள் வேண்டுமே! சுவரில் தொங்கிய படத்தில் இருந்தும் அதன் பெயரை அறியாதவனாக இருந்தேன் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் எப்படி அறிவார்கள்?

ரணதம்பூரிலிருந்து திரும்பியதும் அந்த மாணவனை நினைத்தேன். விசாரித்ததில், அவன் வேறொரு மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியனாக இருப்பது தெரிந்தது. அவனுக்குக் கடிதம் எழுதினேன். "நீ ஏழாம் வகுப்பில் கேட்ட வினாவுக்கு நான் தவறான விடை சொன்னேன். சரியான விடை இது" என்று விளக்கமாக எழுதி, நிழற்படத்தின் படி ஒன்றையும் இணைத்தேன். பத்து நாளில் மறுமொழி வந்தது. மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி. தன் வகுப்பிலும் ஒரு பிள்ளை இதே விலங்கின் படத்தைக் காட்டிக் கேட்டதாகவும், "லின்க்ஸ், குளிர்நாட்டு விலங்கு, நம் நாட்டில் இல்லை" என்று தானும் சொல்லிவிட்டதாகவும், மறுநாளே வகுப்பில் திருத்திச் சொல்லப் போவதாகவும் எழுதியிருந்தான்.

அக்கடிதத்தைப் படித்தபின் எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை. என் பொய்விடை இருபத்தைந்து ஆண்டுகள் நடந்து, எனக்குத் தெரியாத ஒரு வகுப்பறை வரை போயிருக்கிறது. என் மாணவர்கள் எல்லாருக்கும் கடிதம் எழுத என்னால் இயலாது. ஆகையால்தான் வானொலி நிலையத்தார் பேச அழைத்தபோது இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் என்னிடம் படித்தவர்கள் இருந்தால், தயவுசெய்து குறிப்பேட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். அதன் பெயர் கருஞ்செவிப் பூனை. வறண்ட நிலத்தில் வாழ்வது. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது.